ஹான் குவோ-யூ: மேயர் நாற்காலியை ஊர் பறித்தது, சபாநாயகர் நாற்காலி கிடைத்தது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவான் என்றதும் நம் பேச்சு சிப், சீனா, அமெரிக்கா என்றுதான் போகும். அந்தத் தீவின் உள்ளூர் அரசியல் அதைவிட ருசியானது. அதில் ஏறி, விழுந்து, மறுபடி ஏறிய ஒருவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ஹான் குவோ-யூ?

குவோமின்தாங் கட்சிக்காரர். 1993 முதல் 2002 வரை சட்டமன்ற உறுப்பினர். 2018 டிசம்பரில் தெற்குத் தைவானின் துறைமுக நகரமான காவ்சியுங்குக்கு மேயர். 2020 ஜனவரியில் அதிபர் தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு ஜூனில் நகர மக்களே வாக்குப் போட்டு அவரை மேயர் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2024 பிப்ரவரியில் நாட்டின் சட்டமன்றத்துக்கே சபாநாயகர் ஆனார்.

‘ஹான்’ என்பது அவர் பெயரா, குடும்பப் பெயரா?

குடும்பப் பெயர். சீன வழக்கப்படி அது முன்னால் வரும். கொரியாவைக் குறிக்கும் எழுத்தும் இதே எழுத்துதான். கொரிய நாடகமும் பாட்டும் ஆசியா முழுக்கப் பரவியதைத் தைவானில் ‘ஹான் அலை’ என்று சொல்வார்கள். 2018-ல் இவர் பின்னால் கூட்டம் திரண்டபோது பத்திரிகைகள் அந்தச் சொல்லை அப்படியே தூக்கி இவர் தலையில் வைத்தன. தலைப்பு எழுதுபவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்?

1957 ஜூனில், தைபே நகரை ஒட்டிய அன்றைய தைபே மாவட்டத்தில் பிறந்தார். 1949-ல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற குவோமின்தாங் அரசும் படைகளும் தைவானுக்குப் பெயர்ந்தபோது லட்சக்கணக்கானோர் கூடவே வந்தார்கள். இவருடைய பெற்றோர் சீனாவின் ஹெனான் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள், அப்பா படைவீரர். அப்படி வந்த படைவீரர் குடும்பங்களுக்கென்று தீவு முழுக்கத் தனிக் குடியிருப்புகள் இருந்தன. நெருக்கமான வீடுகள், மாண்டரின் பேச்சு, குவோமின்தாங் விசுவாசம். ஹான் வளர்ந்தது அந்தச் சூழலில்தான். ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனார். பிறகு சூச்சோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், செங்சி பல்கலைக்கழகத்தில் கிழக்காசியா பற்றிய முதுகலை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தெற்குத் தைவானில் வீட்டு மொழி பெரும்பாலும் தைவானிய ஹொக்கியன். அரசியலும் அங்கே குவோமின்தாங்குக்கு எதிர்ப்பக்கம்தான் சாயும். இந்தப் பின்னணி கொண்ட ஒருவர் காவ்சியுங்கில் மேயராவது நடக்காத காரியம் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் முறை சட்டமன்றத்தில் என்ன செய்தார்? ஒருவரை அடித்தார் என்கிறார்களே?

உண்மைதான். முதலில் அந்தக் காலத்தைப் பார்த்துவிடலாம். 1948 காலத்தில் சீனப் பெருநிலத்தில் தேர்வான உறுப்பினர்கள் 1991 கடைசி வரை தைபேயில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் தொகுதி வேறு நாட்டின் கையில் போய் நாற்பது ஆண்டாகியும் உறுப்பினர் பதவி மட்டும் போகவில்லை. சட்டமன்றம் முழுமையாகத் தைவான் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது 1992 டிசம்பரில்தான். அதில் தைபே மாவட்டத்திலிருந்து ஹான் வென்றார். அதற்கு முன் அதே மாவட்டத்தில் கவுன்சிலராக இருந்தவர்.

அந்த மன்றத்தில் மைக் பிடுங்குவதும் மேசை கவிழ்ப்பதும் சாதாரணம். 1993-ல் ஓய்வுபெற்ற படைவீரர்கள் சம்பந்தப்பட்ட விவாதம் ஒன்றில் எதிர்க்கட்சியின் சென் ஷுய்-பியன் பேசியது ஹானுக்குப் பொறுக்கவில்லை. கைநீட்டினார். சென் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு அடி. அந்த சென் மறு ஆண்டே தைபே மேயர், 2000-ல் நாட்டின் அதிபர். ஹானைப் பற்றி எழுதும் யாரும் இந்தச் சம்பவத்தை விடுவதில்லை. பதினைந்து இருபது வருடம் அவர் பெயருக்கு இருந்த ஒரே அடையாளம் இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்று முறை உறுப்பினராக இருந்தார். 2002 ஜனவரியோடு அந்தக் கணக்கு முடிந்தது.

2002-க்கும் 2017-க்கும் நடுவில் எங்கே போனார்?

ஏறக்குறைய மறக்கப்பட்டார். சில காலம் சோங்ஹே என்ற நகரத்தில் துணை மேயராக இருந்தார். மனைவி லீ சியா-ஃபென் யுன்லின் மாவட்ட கவுன்சிலராக இருந்தார். யுன்லின் என்றால் காய்கறி, நெல். விவசாயச் சங்கங்களுக்குச் செல்வாக்குள்ள மாவட்டம். அந்த வட்டாரத் தொடர்போடு 2013-ல் தைபே வேளாண் விளைபொருள் சந்தை நிறுவனத்தின் பொது மேலாளர் ஆனார். தலைநகரின் பெரிய மொத்தக் காய்கறி, பழச் சந்தைகளை நடத்துவது அந்த நிறுவனம். ஊர் தூங்கும் நேரத்தில் ஏலம் தொடங்கும் உலகம் அது.

2017 தொடக்கத்தில் அங்கிருந்து வெளியே வந்தார். பிற்பாடு தேர்தல் மேடைகளில் ‘நான் காய்கறி விற்கிறவன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டது இதை வைத்துத்தான். பழைய எம்.எல்.ஏ. என்பதைவிடக் காய்கறிக்காரர் என்பது மேடையில் நன்றாக எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காவ்சியுங்குக்கு ஏன் போனார்?

போக வேறு இடம் இல்லை. 2017-ல் குவோமின்தாங் தலைவர் தேர்தலில் நின்று 5.84 சதவீத வாக்கு வாங்கினார். வென்றவர் வூ டென்-யீ. அந்த வூதான் செப்டம்பரில் ஹானைக் காவ்சியுங் கிளைக்குப் பொறுப்பாளராக அனுப்பினார். இதில் ஒரு பழைய கதையும் ஒளிந்திருக்கிறது. 1998-ல் காவ்சியுங்கைக் குவோமின்தாங் இழந்தபோது தோற்ற மேயர் இதே வூ. அதுவும் 4,565 வாக்கில்.

அதற்குப் பிறகு இருபது வருடம் அந்த நகரம் குவோமின்தாங்கின் முக்கிய எதிரியான ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் கோட்டை. 1979-ல் ராணுவச் சட்டத்துக்கு எதிரான போராட்டமும் கைதுகளும் நடந்த ஊர் அது. அப்போது சிறைக்குப் போன சென் ஜூ பின்னாளில் பதினோரு வருடத்துக்கு மேல் அங்கே மேயராக இருந்தார். 2014-ல் அவர் வாங்கியது 68 சதவீத வாக்கு. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பதவி உயர்வா என்ன?

அப்படியானால் 2018-ல் எப்படி ஜெயித்தார்?

ஊரின் புண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். காவ்சியுங் எஃகு, கப்பல் கட்டுதல், பெட்ரோகெமிக்கல் என்று வளர்ந்த உழைப்பாளி நகரம். துறைமுகம் ஒரு காலத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது, பிறகு பின்தங்கிவிட்டது. இளைஞர்கள் வேலைக்கு வடக்கே தைபே பக்கம் போய்விடுகிறார்கள். ஹான் இதை மழுப்பாமல் சொன்னார்: காவ்சியுங் வயதாகிவிட்ட, ஏழையாகிவிட்ட நகரம். ஊர்க்காரர்களுக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளையாவது வடக்கே போயிருந்ததால் மறுக்கவும் முடியவில்லை.

அப்புறம் அந்த முழக்கம்: ‘சரக்கு வெளியே போகட்டும், ஆட்கள் உள்ளே வரட்டும், காவ்சியுங் பணத்தில் கொழிக்கட்டும்.’ குழந்தைக்குக்கூட மனப்பாடம் ஆகும். செலவில்லாத பிரச்சாரம் என்று காட்ட ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு கிண்ணம் பன்றிக்கறிச் சோறு என்றார். வழுக்கைத் தலையைத் தானே கேலி செய்துகொண்டார். 2018 ஆகஸ்ட் பெருமழையில் தெற்கே வெள்ளம் நின்று, சாலைகளில் ஆயிரக்கணக்கில் பள்ளம் விழுந்தது. ஆளுங்கட்சிக்கு அதைவிடக் கெட்ட நேரம் வாய்த்திருக்க முடியாது.

கடைசி வாரங்களில் ஃபெங்ஷான், சீஷான், காங்ஷான் என்று ‘மலை’ எனும் எழுத்தில் முடியும் மூன்று ஊர்களில் பெரிய கூட்டம் போட்டார். மூன்றுமே 2010-ல் நகரோடு இணைக்கப்பட்ட பழைய காவ்சியுங் மாவட்டப் பகுதிகள். தொலைக்காட்சிகள் வேறு எதையும் காட்டவில்லை. எதிர்த்து நின்ற சென் சீ-மாய் கொள்கை ஆவணம் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார், பாவம்.

நவம்பர் 24: ஹான் 8,92,545 வாக்கு, 53.87 சதவீதம். சென் 7,42,239. அன்று நாடு முழுக்க 22 உள்ளாட்சித் தலைமைகளில் 15-ஐக் குவோமின்தாங் பிடித்தது. அதிபர் சாய் இங்-வென் அன்றிரவே ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் தலைவர் பதவியை விட்டார்.

மேயராக எப்படி?

சாலைப் பள்ளங்களை மூடினார், வடிகால் தூர்வாரினார். அதை எண்ணி எண்ணிச் சொல்லவும் செய்தார். 2019 பிப்ரவரியில் சிங்கப்பூர், மலேசியா, மார்ச்சில் ஹாங்காங், மக்காவ், சென்ஜென், சியாமென், ஏப்ரலில் அமெரிக்கா என்று பயணம். பழமும் மீனும் விற்பதற்கு ஒப்பந்தங்கள் போட்டார். ஹாங்காங்கில் சீன மத்திய அரசின் தொடர்பு அலுவலகத்துக்குள் அவர் போய்வந்தது பெரிய சர்ச்சையானது.

பிரச்சாரத்தில் சொன்ன பெரிய விஷயங்கள் வேறு ரகம். சுமார் 27 லட்சம் மக்கள்தொகையைப் பத்து வருடத்தில் 50 லட்சமாக்குவது, தென்சீனக் கடலில் தைப்பிங் தீவில் எண்ணெய் எடுப்பது, காதல் ஆற்றங்கரையில் ராட்சத ராட்டினம். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று வாக்குப் போட்டவர்களே நம்பினார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவர் உண்மையில் சறுக்கியது நகர மன்றத்தில். 2019 மே மாதம் இளம் கவுன்சிலர் ஹுவாங் ஜியே, நீங்கள் கேட்கும் ‘தடையற்ற பொருளாதார மண்டலம்’ இந்த ஊருக்கு என்ன செய்யும் என்று மறுபடி மறுபடி கேட்டார். ஹான் ‘காவ்சியுங் பணத்தில் கொழிக்கும்’ என்ற வரியையே சுற்றிச் சுற்றி வந்தார். ஹுவாங் கண்ணை மேலே உருட்டினார். அந்த ஒரு நொடி வீடியோ தீவைச் சுற்றியது. மேடையில் கைதட்டல் வாங்கிய அதே வரி, கேள்வி நேரத்தில் வெறும் வரியாக நின்றுவிட்டது. ஹானின் மேயர் காலத்தைப் புரிந்துகொள்ள வேறு எதையும் பார்க்கவேண்டாம், இது போதும் என்பேன்.

பதவியேற்ற ஆறே மாதத்தில் ஏன் அதிபர் தேர்தலுக்குப் போனார்?

கூட்டம் இழுத்தது. தைபேயில் அதிபர் மாளிகைக்கு முன்னால் ஆதரவாளர்கள் ஜூன் 1-ல் திரண்டார்கள். ஜூலையில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி நடத்திய கருத்துக்கணிப்பில் ஹானுக்கு 44.8 சதவீதம், டெர்ரி கோவுக்கு 27.7. இந்த கோவ்தான் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானின் நிறுவனர். பெரும் பணக்காரரைக் காய்கறிக்காரர் தோற்கடித்தார் என்று கொண்டாடினார்கள்.

ஆனால் காவ்சியுங்கில் பேச்சு மாறியது. ‘பிள்ளை வடக்கே போகிறது என்று அழுத ஆள், தானே வடக்கே கிளம்பிவிட்டாரே.’ அக்டோபர் நடுவில் மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு நாடு முழுக்கப் பிரச்சாரம் போனார். ஒரு மேயரிடம் ஊர் எதிர்பார்ப்பது முதலில் ஊரில் இருப்பது. பாக்கி எல்லாம் அப்புறம்தான்.

அதிபர் தேர்தலில் எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றார்?

சாய் 81,70,231, ஹான் 55,22,119. காவ்சியுங்கிலேயே சாய்க்கு 62 சதவீதம், தங்கள் மேயருக்கு 35-ஐத் தொடவில்லை.

2019 ஜூனிலிருந்து ஹாங்காங் தெருக்களில் நடந்த போராட்டம் தைவான் வாக்காளர்கள் மனதை மாற்றியது பெரிய காரணம். ஹான் தரப்பின் வினோதங்களும் உண்டு. நவம்பர் கடைசியில், கருத்துக்கணிப்புக்கு யாராவது போன் செய்தால் ‘சாய்க்கு மட்டும்தான் ஆதரவு’ என்று சொல்லுங்கள் எனத் தன் ஆதரவாளர்களையே கேட்டுக்கொண்டார். கணிப்புகளைக் குழப்புவதாம். அதன் பிறகு எது உண்மையான கணிப்பு என்று அவர் கட்சிக்காரர்களுக்கே தெரியாமல் போயிருக்கும்.

மேயரை மக்கள் எப்படி நீக்க முடிந்தது? சட்டத்தில் இடமுண்டா?

உண்டு. தைவானில் அதன் பெயர் ‘பாமியென்’. நம் செய்திகளில் ‘ரீகால்’, ‘திரும்ப அழைத்தல்’ என்று வரும். பதவியேற்று ஒரு வருடம் முடிந்தால்தான் மனுக் கொடுக்கலாம். முதலில் வாக்காளர்களில் 1 சதவீதம் பேர் கையெழுத்து, அடுத்த கட்டத்தில் 10 சதவீதம். பிறகு வாக்கெடுப்பு. ‘நீக்கு’ என்ற வாக்கு ‘நீக்க வேண்டாம்’ என்ற வாக்கைவிட அதிகமாக இருக்கவேண்டும். அதோடு, மொத்த வாக்காளர்களில் கால் பங்கையாவது தொடவேண்டும்.

2016 வரை இது ஏட்டுச் சட்டம்தான். பாதிப் பேர் வாக்களித்தால்தான் செல்லும் என்ற பழைய விதி இருந்ததால் எதுவும் தேறாது. அந்த ஆண்டு விதியைத் தளர்த்தினார்கள்.

ஹான் பதவியேற்றது 2018 டிசம்பர் 25. ஒரு வருடம் முடிந்த மறுநாள், டிசம்பர் 26-ல், முதல் கட்ட மனு தேர்தல் ஆணையத்தில் இருந்தது. ஒரு நாள்கூட வீணாக்கவில்லை. முன்னின்றவர்களில் ஒருவர் யின் லி, நகரின் பழைய பண்பாட்டுத் துறை இயக்குநர். ஒரு வருடம் முடிவதற்குள்ளேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று ஹான் தரப்பு நீதிமன்றம் போனது. நிறுத்த முடியவில்லை.

2020 ஜூன் 6 வாக்கெடுப்பில் ‘நீக்க வேண்டாம்’ என்று 25,051 பேர்தானா? இவருக்கு ஆதரவாளர்களே இல்லையா?

இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். ஆதரவாளர்களை வாக்குச்சாவடிக்கே போகாதீர்கள் என்று சொன்னது ஹான் தரப்பு. ‘வேண்டாம்’ வாக்கை எவ்வளவு கூட்டினாலும் எதிர்த்தரப்பைத் தாண்டுவது சந்தேகம். ‘நீக்கு’ வாக்கு கால் பங்கைத் தொடாமல் போனால் பிழைத்துக்கொள்ளலாம். வாக்களிக்கப் போகிற யாரும் நீக்கத்தான் போகிறார்கள் என்று ஆகிவிட்டால், அக்கம்பக்கத்துக்குத் தெரிய யாரும் வெளியே வரத் தயங்குவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது.

கணக்கு தப்பியது. தேவைப்பட்டது சுமார் 5.75 லட்சம். விழுந்தது 9,39,090. தைபேயிலிருந்து ரயில் ஏறி வந்தவர்களும் இருந்தார்கள், வடக்கே போன அதே பிள்ளைகள். அவரை மேயராக்கிய வாக்கைவிட அவரை இறக்கிய வாக்கு நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் அதிகம். தைவானில் ஒரு நகரத் தலைவர் இப்படி நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. முடிவை எதிர்த்து அவர் வழக்குப் போடவில்லை.

அடுத்து மேயரானது யார்?

2018-ல் இவரிடம் தோற்ற சென் சீ-மாய். ஆகஸ்ட் 15 இடைத்தேர்தலில் 70 சதவீத வாக்கோடு. 2022-லும் வென்றார். கொள்கை ஆவணத்துக்கும் ஒரு காலம் வந்தது.

ஒரு கொசுறு: ஹானின் ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. கண்ணை உருட்டிய ஹுவாங் ஜியேயையும் நீக்கவேண்டும் என்று 2021 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். தோற்றது. ஹுவாங் 2024-ல் சட்டமன்றத்துக்கே போய்விட்டார். அங்கே சபாநாயகர் இருக்கையில் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஊரே நீக்கிய ஒருவர் எப்படிச் சபாநாயகர் ஆனார்?

சட்டமன்றத்தின் 113 இடங்களில் 34 கட்சிப் பட்டியல் வழியாக நிரப்பப்படுகின்றன. வாக்காளர் கட்சிக்கு ஒரு வாக்குப் போடுவார், அந்த விகிதப்படி பட்டியலில் மேலே இருப்பவர்கள் உள்ளே போவார்கள். 2024-ல் குவோமின்தாங் பட்டியலில் முதல் பெயர் ஹான். அதாவது எந்தத் தொகுதியிலும் யாரையும் எதிர்த்து நிற்கத் தேவையில்லை.

ஜனவரி 13 முடிவில் குவோமின்தாங் 52, ஜனநாயக முன்னேற்றக் கட்சி 51, தைவான் மக்கள் கட்சி 8, சுயேச்சை 2. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. சபாநாயகர் தேர்தல் இரண்டாம் சுற்றுக்குப் போனது. மக்கள் கட்சி ஒதுங்கிக்கொள்ள, பழைய சபாநாயகர் யூ சி-குன் 51, ஹான் 54. குவோமின்தாங்கின் 52-ம், அந்தப் பக்கம் சாய்ந்த சுயேச்சைகள் இரண்டும்.

மே 20-ல் ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் புதிய அதிபர் லாய் சிங்-தே பதவியேற்றபோது நாட்டின் முத்திரைகளைக் கையில் கொடுத்தது சட்டமன்றத் தலைவர் என்ற முறையில் ஹான். லாயும் சட்டமன்ற உறுப்பினராக இருந்து தைனான் மேயரானவர்தான். ஹான் நான்கு வருடத்துக்கு முன் எட்டிப்பிடிக்க முடியாத நாற்காலிக்கு அவர் போனார்.

சபாநாயகராகப் பெயர் எப்படி?

மேயர் ஹானைவிடச் சபாநாயகர் ஹான் பரவாயில்லை என்பது என் கருத்து. சிரித்த முகம், நகைச்சுவை, இரண்டு தரப்பையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பது எல்லாம் அவருக்கு வரும். அதற்காக மன்றம் அமைதியாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். 2024 மே மாதம் மன்றத்தின் விசாரணை அதிகாரத்தைக் கூட்டும் திருத்தங்களை எதிர்க்கட்சிகள் சேர்ந்து நிறைவேற்றின. உள்ளே தள்ளுமுள்ளு, வெளியே பல்லாயிரம் பேர் போராட்டம். கைதூக்கிய வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்பதே பதிவாகவில்லை என்று ஆளுங்கட்சி அவர் மீது குற்றம் சொன்னது. அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தங்களில் பெரும்பகுதியை ரத்து செய்தது. 1993-ல் கைநீட்டியவர் இப்போது கைகலப்பை மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சீன ஆதரவாளரா?

சீனாவோடு பேச்சும் வியாபாரமும் வேண்டும் என்பது அவர் கட்சியின் பழைய நிலை, அவருடையதும் அதுதான். ஆனால் ஹாங்காங் பாணி ‘ஒரு நாடு, இரு அமைப்பு’ தைவானுக்கு வேண்டுமா என்ற பேச்சு வந்தபோது, 2019 ஜூனில் யுன்லின் மேடையில், என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்திலேயே முழங்கினார். எதிரிகள் நம்பவில்லை. ஹாங்காங் அலுவலகத்துக்குள் போன படத்தைத்தான் இன்றும் எடுத்துக் காட்டுவார்கள்.

இப்போது அவரை மறுபடி ரீகால் செய்ய முடியுமா?

முடியாது. 2025 ஜூலை 26-ல் குவோமின்தாங் உறுப்பினர்கள் 24 பேர் மீது ஒரே நாளில் ரீகால் வாக்கெடுப்பு நடந்தது, ஆகஸ்ட் 23-ல் இன்னும் 7 பேர் மீது. எல்லோரும் தப்பினார்கள். அந்த 31 பேர் வரிசையில் ஹான் பெயர் வர வழியே இல்லை. ரீகால் தொகுதியிலிருந்து தேர்வானவர்களுக்குத்தான். பட்டியலில் வந்தவருக்குத் தொகுதி கிடையாது, திரும்ப அழைக்க ஊரும் கிடையாது.